சும்மா கெடந்தது

அழ விடாதீங்க அண்ணாச்சி, இந்தாங்க, இத ஆட்டிக் காட்டுங்க. சும்மா வாங்கிக்கோங்க. கிலுகிலுப்பைதான். கடையில வாங்குனது இல்ல, நானே வீட்டுல செஞ்சது. காம்பு பழைய கரண்டிக் காம்பு, தலை பெருங்காய டப்பா. மோந்து பாருங்க, இன்னும் லேசா வாசம் வரும். பாத்தீங்களா, நிப்பாட்டிருச்சு பாப்பா! பத்து மாசம் ஆகுதா? எம் மக நிவிஷாவுக்கும் அதே வயசுதான்.

நீங்களும் சிவகாசிக்குத்தானா? சரியாப் போச்சு. முன்னாடி லேடீஸ் சீட்டுல தூங்குறது உங்க வீட்டுக்காரங்களா? தூங்கட்டும், தலைவலின்னாங்கல்ல, எழுப்பாதீங்க. பாப்பாவ நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம். என் பேரு காளீஸ்வரன். பிரஸ்ஸுல கட்டிங் மெஷின்ல நிக்கிறேன், பதினோரு வருஷமா. காலண்டர், நோட்டு, கல்யாணப் பத்திரிகை, எதுவா இருந்தாலும் கடைசியில என் கைக்குத்தான் வரணும். ஒரு தாளத் தொட்டா அதோட கனம் எத்தன ஜிஎஸ்எம்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருவேன். ஆனா அதுல என்ன அச்சடிச்சிருக்குன்னு கேட்டா முழிப்பேன். எழுத்து நம்ம வேலை இல்ல பாத்துக்கோங்க. தாளு நல்ல தாளா, ஓரம் நேரா விழுந்துச்சா, அதோட நம்ம சோலி முடிஞ்சுது.

சங்கரன்கோவில்ல மாமியார் வீடு. பொண்டாட்டி பிள்ளையப் பாத்துட்டு வாரேன். ஆமா, அங்கதான் இருக்கா, மூணு மாசமா. சண்டையா? சேச்சே. சண்டைன்னா நான் நாலு வார்த்தை பேசணும், அவ நாலு வார்த்தை பேசணும். இங்க அப்படி ஒண்ணும் நடக்கல. அவளுக்கு ஒரு கோவம், அவ்வளவுதான். இன்னைக்கு அதுவும் தணிஞ்சிருச்சு. அடுத்த மாசம் பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துருவா. அதுக்கு அத்தாட்சி இப்ப உங்க கையிலதான் இருக்கு. சொல்றேன், கேளுங்க.

தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான? வளைகாப்பு முடிஞ்சு மாரிச்செல்விய அவங்கம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க. மாரிச்செல்வி, அதான் என் பொண்டாட்டி. பிள்ளை பொறந்து அஞ்சாம் மாசம்தான் நம்ம வீட்டுக்கு வருது. அதுவரைக்கும் வீட்டுல நானும் எங்கம்மாவும்தான். வேலை விட்டு வந்தா பொழுது போகல. எனக்கு பிள்ளையத் தூக்கவே பயம் அண்ணாச்சி, கழுத்து நிக்காதுல்ல, அது எங்க ஒடிஞ்சிருமோன்னு தள்ளியே நிப்பேன். ஆனா கைவேலைன்னா விட மாட்டேன். செல்போன்ல பாத்தேன், வெளிநாட்டுக்காரன் பிள்ளைக்கு வேண்டியது அத்தனையும் அவனே செய்றான். நம்மளால ஆகாதா? கடையில எவன் வேணாலும் வாங்கிக் குடுப்பான். அப்பன் கையால செஞ்சு குடுத்தாதான் பாசம். அதுலயும் வெளிய ஒரு சாமான் வாங்கக் கூடாது, வீட்டுல சும்மா கெடக்குற பொருள வச்சே செய்யணும்னு ஒரு வைராக்கியம்.

மொதல்ல யானை. பீரோவத் தெறந்தா வெள்ளைக் கோட்டு ஒண்ணு தொங்குது. அவ நர்ஸுக்குப் படிச்சவ. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் வேலை பாத்தா. கல்யாணத்தோட நின்னுட்டா. நான் ஒண்ணும் நிக்கச் சொல்லல. 'எங்கம்மாவுக்கு முட்டி வலி, அடுப்புகிட்ட யாரு நிப்பா, நீயே சொல்லு'ன்னு கேட்டேன். அவளா நின்னுட்டா. அப்ப அந்தக் கோட்டு சும்மா கெடக்குதா இல்லையா? நல்ல காட்டன் அண்ணாச்சி, தொவைச்சுத் தொவைச்சு மெத்துன்னு ஆயிருந்துச்சு. கைப்பக்கம் அப்படியே தும்பிக்கைக்கு வந்துருச்சு. பையில அவ பேரு நூலால தச்சிருந்துச்சு. அதப் பிரிக்காம காதுல வர்ற மாதிரி வச்சுத் தச்சேன். ஒரு அலங்காரமா இருக்கட்டுமேன்னு.

அடுத்தது கிளி. வயித்துல பிள்ளையோட கவர்மெண்டு நர்ஸ் வேலைக்குப் பரிட்சை எழுதியிருந்தா. அதுக்குன்னு ஆறு நோட்டு, முழுக்க முழுக்க எழுதி வச்சிருந்தா. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு எழுதுவா, எனக்கு லைட்டு வெளிச்சத்துல தூக்கம் கெடும். பரிட்சைதான் முடிஞ்சிருச்சே, இனி நோட்டு எதுக்கு? ஐம்பத்தெட்டு ஜிஎஸ்எம், மடிக்க அது போதும். நூத்தியெட்டு கிளி மடிச்சு, நூல்ல கோத்து, தொட்டிலுக்கு மேல தொங்க விட்டேன். நீல மையும் செவப்பு மையுமா எழுதியிருந்தாளா, கிளி ரெக்கையில அது கோடு கோடா விழுந்துச்சு. பாக்க அவ்வளவு அம்சம்!

பிள்ளைய அழைச்சுட்டு வந்த அன்னைக்கு சொந்தக்காரங்க பத்து பதினஞ்சு பேரு வந்திருந்தாங்க. அவளும் ஒரு பொருள் செஞ்சு கொண்டாந்திருந்தா. சட்டை. கையால தச்சது. உள்ளதச் சொல்லணும்ல, அவளுக்குக் கைவேலை வராது. ஊசி போடத் தெரியும், ஊசியில தைக்கத் தெரியாது. கழுத்து ஓட்டை இத்தனூண்டு. நான் சும்மா இருப்பனா? தாம்பாளத்துல இருந்த தேங்காய எடுத்து அதுக்கு மாட்டிப் பாத்தேன். நுழையல. 'தேங்காய்க்கே மூச்சு முட்டுது, நர்ஸம்மா சீக்கிரம் வாங்க'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எங்க சித்தப்பாவுக்குப் புரையே ஏறிருச்சு. அவளும்தான் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அந்தச் சட்டைய வாங்கி மடிச்சு இடுப்புல சொருகிட்டு, காப்பி டம்ளர் எடுக்கப் போயிட்டா. அதுக்கப்புறம் பிள்ளைக்குன்னு அவ ஊசியத் தொடல. 'வா, நான் சொல்லித் தாரேன்'னு கூடக் கூப்பிட்டேன். வரல.

அன்னைக்கு எல்லாரும் போன பெறகு தொட்டிலக் காட்டுனேன். அசையாம நின்னா. ஒரு கிளியப் பிடிச்சு ரெக்கையத் திருப்பித் திருப்பி வாய்க்குள்ள என்னமோ படிச்சா. கண்ணு கலங்கிருச்சு. சந்தோஷத்துலதான், பின்ன? எந்த ஆம்பளை நூத்தியெட்டு கிளி மடிப்பான்? 'எதுல செஞ்சீங்க?'ன்னா. 'வீட்டுல சும்மா கெடந்ததுல'ன்னேன். 'சும்மா கெடந்ததா?'ன்னா. 'ஆமா'ன்னேன். அவ்வளவுதான் பேச்சு. யானைய மடியில வச்சுக்கிட்டு அந்தக் காதையே தடவிட்டு இருந்தா. அவளுக்கே ரொம்பப் பிடிச்சுப் போச்சுன்னு எங்கம்மாகிட்டப் பெருமையாச் சொன்னேன்.

ராஜபாளையம் வந்துருச்சு. டீ ஏதும் வேணுமா? வேண்டாமா? சரி.

ஒரு மாசம் கழிச்சு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. வேலை கெடச்சிருச்சு அவளுக்கு. அன்னைக்குத்தான் அவ ஓடி நான் பாத்தேன். வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் ஓடுறா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு. 'நிவிக்குட்டி, அம்மாவுக்கு வேலை கெடச்சிருச்சுடி'ன்னு பிள்ளை காதுல சொல்றா. எங்கிட்ட அந்த ஆர்டர நீட்டுனா. தொட்டுப் பாத்தேன். பாண்டு பேப்பர், தொண்ணூறு இருக்கும். 'நல்ல தாளு'ன்னேன். வேற என்ன சொல்லணும்கிறீங்க?

போக வேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமாச் சொல்லல. எங்கம்மாதான் சோறு தண்ணி இல்லாம சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாங்க. நான் கேட்டதெல்லாம், 'பிள்ளை பாலுக்கு அழுதா யாரு குடுப்பா?'ன்னுதான். பக்கத்து வீட்டுக்காரங்க வந்தப்ப, 'இனிமே எங்க வீட்டுல அம்மா ஆபீஸு, அப்பாதான் பாலு'ன்னு மார்ல கைய வச்சுக் காட்டுனேன். தமாஷுதான அண்ணாச்சி? அவங்க சிரிச்சாங்க. அவங்க போன பெறகு இவ, 'எங்கம்மாவ இங்க வந்து இருக்கச் சொல்லியிருக்கேன், பிள்ளைய அவங்க பாத்துப்பாங்க'ன்னு மட்டும் எங்கிட்டச் சொன்னா. எல்லாத்தையும் அவளே முடிவு பண்ணிட்டா. ஆர்டர பீரோ லாக்கருக்குள்ள, பட்டுச்சேலைக்கு அடியில வச்சுப் பூட்டுனா. சாவி தலகாணிக்குக் கீழ.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டேன். பிள்ளைக்குக் காத்தாடி ஒண்ணு செய்யணும்னு ஆசை. காத்தாடிக்கு நோட்டுத் தாளு ஆகாது, துவண்டுரும். காலண்டர் அட்டை ஆகாது, வெறைச்சுக்கிட்டு நிக்கும். தொண்ணூறுதான் சரி. வீடு பூராத் தேடுறேன், தோதா ஒரே ஒரு தாளுதான் கெடக்கு. பிரஸ்ஸுல இல்லாத தாளான்னு கேக்குறீங்களா? இருக்கு, மல மாதிரி இருக்கு. ஆனா அது அடுத்தவன் பொருள் அண்ணாச்சி. பதினோரு வருஷத்துல ஒரு துண்டு கூட வீட்டுக்கு எடுத்துட்டு வந்தவன் இல்ல நான். எங்க மொதலாளியவே கேட்டுப் பாருங்க.

அது ஆர்டர்னு தெரியும், மறைக்கல. ஆனா தேதி தெரியாது. நான்தான் சொன்னேனே, எழுத்தப் பாக்குறவன் இல்லன்னு. வாசுதேவநல்லூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம், வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரலைன்னா ஆர்டர் ரத்துன்னு போட்டிருந்தத எல்லாம் நான் எங்க பாத்தேன்?

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்குறீங்க? வெட்டும்போது கண்ணுல பட்டிருக்கும். படாதா?

மொதல்ல தாளச் சதுரமாக்கணும். அடியில கையெழுத்தும் சீலும் இருந்த பக்கம் துண்டா மிஞ்சுச்சு. அதையும் வீணாக்கல, இந்த டப்பாவுக்குச் சுத்தி பட்டையா ஒட்டுனேன். ஒட்டுன தடம் இன்னும் இருக்கு, விரல வச்சுப் பாருங்க. பெறகு சதுரத்த நாலு மூலையிலேருந்து நடுவப் பாத்து வெட்டணும். நடு வரைக்கும் போயிரக் கூடாது, போனா நாலு துண்டாயிரும். அங்கதான் கைப்பழக்கம் வேணும். மூலைய மடக்கி, குண்டூசி குத்தி, தொட்டில் கம்பியில கட்டி, ஃபேனப் போட்டேன். சுத்துச்சு பாருங்க! பிள்ளை கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அப்படி ஒரு சிரிப்ப அதுவரைக்கும் அது சிரிச்சதே இல்ல.

சத்தம் கேட்டு இவ ஈரக்கையோட வந்தா. பிள்ளை சிரிக்கிறதப் பாத்து இவளும் சிரிச்சா, நெசமாச் சிரிச்சா. 'சளி பிடிச்சுக்கும்'னு சொல்லிட்டு ஃபேன நிப்பாட்டுனா. காத்தாடி மெல்ல மெல்ல நின்னுச்சு. அவ பேரு தலைகீழா வந்து நின்னுச்சு.

கத்துவான்னு பாத்தேன். கத்துனா நாமளும் ஒண்ணு ரெண்டு சொல்லலாம். கத்தல அண்ணாச்சி. 'மிச்சத் துண்டு எங்க?'ன்னு மட்டும் கேட்டா. கிலுகிலுப்பையக் காட்டுனேன். காத்தாடியக் கழட்டுனா, கிலுகிலுப்பைய எடுத்தா, பிள்ளையத் தூக்குனா. ஈரம் காயாத கையோட பஸ் ஏறிப் போயிட்டா. 'பிள்ளைக்குப் பாசமாச் செஞ்சத இப்படியா பிடுங்கிட்டுப் போவே?'ன்னு வாசல்ல நின்னு நான்தான் கேட்டேன். யானைய மட்டும் மறந்துட்டா. தெரு முக்கு வரைக்கும் போனவ, அதுக்காகத் திரும்பி வந்து எடுத்துட்டுப் போனா.

அப்புறம் என்ன செஞ்சான்னு கேளுங்க. காத்தாடியப் பிரிச்சிருக்கா. பிரிச்சு, இஸ்திரி போட்டு, டப்பாவுல ஒட்டுன துண்ட வெந்நி ஆவியில காட்டி உரிச்சு, பின்னாடி வெள்ளைத் தாளு வச்சு எல்லாத்தையும் ஒட்டி, வெள்ளிக்கிழமை காலையில கொண்டு போயி நீட்டிட்டா. என் மச்சினன் சொன்னான். 'என்னம்மா இது'ன்னு ஆபீஸர் கேட்டாராம். 'கைப்பிள்ளை கிழிச்சிருச்சு சார்'னு சொன்னாளாம். ஆறு மாசப் பிள்ளை மேல பழியத் தூக்கிப் போட்டிருக்கா பாருங்க! ஒரு தாய் பேசுற பேச்சா அது? வேலையிலயும் சேந்துட்டா. நானும் மூணு மாசம் பொறுத்தேன். போன் போட்டா எடுத்து, 'பிள்ளை நல்லா இருக்கா'ன்னு சொல்லிட்டு வச்சுருவா. எங்கம்மா வச்ச சோத்தத் தின்னுக்கிட்டு, ஆளில்லாத தொட்டிலப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்க முடியும்? கிளி மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி. எனக்கு அவ வேணும். பிள்ளை வேணும். அதனாலதான் இன்னைக்கு நானே எறங்கிப் போனேன்.

வெறுங்கையோட போவனா? கிரீடம் செஞ்சு கொண்டு போனேன் பிள்ளைக்கு. எதுல? எங்க கல்யாணப் பத்திரிகை பரண்ல ஒரு கட்டு சும்மா கெடந்துச்சு. ஆர்ட் போர்டு, முந்நூறு ஜிஎஸ்எம், தங்கக் கலர் எழுத்து. கிரீடத்துக்கு அத விட்டா வேற தாளே இல்ல. ராவி ராவி வெட்டுனேன், ஒவ்வொரு முனையும் ஊசி மாதிரி. பிள்ளை தலையில வச்சதும் ராணி கெட்டா! நான் பிள்ளையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இவ கிரீடத்தக் கையில வாங்கி ஒரு சுத்து சுத்திப் பாத்தா. அவ பேரும் எம் பேரும் இருந்த எடத்துல மடிப்பு விழுந்திருந்துச்சு, அத விரலால நீவுனா. 'இதுவும் சும்மா கெடந்ததா?'ன்னு கேட்டா. 'ஆமா, பரண்ல சும்மாதான் கெடந்துச்சு'ன்னேன்.

சிரிச்சா அண்ணாச்சி! மூணு மாசம் கழிச்சு எம் மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்பு. 'செத்த இருங்க, நானும் உங்களுக்கு ஒண்ணு செஞ்சு தாரேன்'னு உள்ள போனா. 'அம்மா, கத்தரி எங்க இருக்கு?'ன்னு கேட்டா. 'வேண்டாம்டி, வேண்டாம்டி'ன்னு என் மாமியார் பதறுறது கேட்டுச்சு. கைவேலை தெரியாதவ, கையக் கிழிச்சுக்குவான்னு பயந்திருப்பாங்க. அப்புறம் டப்பா மூடியத் தட்டுற சத்தம். முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு வந்து இத எங்கையில குடுத்தா. அதே கிலுகிலுப்பைதான். உள்ள நான் போட்டிருந்த புளியங்கொட்டைய எடுத்துட்டு வேற என்னமோ போட்டிருக்கா. 'பிள்ளைக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க. சும்மா கெடந்ததுலதான் செஞ்சேன்'னா. 'எங்க கெடந்துச்சு?'ன்னேன். 'எங்கிட்டதான்'னா.

இப்பச் சொல்லுங்க. கோவம் இருக்குறவ புருஷனுக்குன்னு உக்காந்து ஒரு பொருள் செய்வாளா? என் வழிக்கு வந்துட்டாள்ல? மூடியக் கூட எவ்வளவு கச்சிதமா மூடியிருக்கா பாருங்க. என்னப் பாத்துப் பாத்து அவளுக்கும் கைவேலை வந்துருச்சு. அடுத்த மாசம் வந்துருவா, வேலையில ஒரு நீண்ட லீவு சொல்லிட்டு வந்துருவா. எங்கம்மாகிட்ட இத ஆட்டிக் காட்டணும்.

ஆமா, சத்தம் வேற மாதிரிதான் இருக்கு. புளியங்கொட்டைன்னா டொக்கு டொக்குன்னு கேக்கும். இது கிணுகிணுங்குது. என்னவா இருக்கும்? வளையல் துண்டா இருக்குமோ? ஐயோ, பாப்பா வாயில வைக்குது, பிடுங்குங்க. நீங்க சொல்றது சரிதான், கண்ணாடியா இருந்தா ஆபத்து. இங்க குடுங்க, தெறந்து பாத்துருவோம். சாவிய வச்சு நெம்புனா... இறுக்கமாத்தான் மூடியிருக்கா. இந்தா, வந்துருச்சு. கைய நீட்டுங்க, கொட்டுறேன். பஸ் ஆடுது, கீழ விட்டுறாதீங்க.

குண்டு. தங்கக் குண்டு அண்ணாச்சி. இது லட்சுமி காசு, எங்கம்மா கோத்துப் போட்டது.

இது... இது நான் கட்டுன தாலி.

உள்ள இன்னும் என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. மஞ்சக்கயிறு, ஒரு விரல் நீளம். கத்தரியில வெட்டியிருக்கா. ஒரே வெட்டு. பிசிறு இல்ல, கோணல் இல்ல. நேரா விழுந்திருக்கு அண்ணாச்சி.

சும்மா கெடந்ததுன்னு சொன்னா. எங்க கெடந்துச்சுன்னு நான்தான் கேட்டேன். கழுத்துலயா? கழுத்துல சும்மாவா கெடந்துச்சு?

பாப்பா அழுவுது. அந்தச் சத்தம் வேணுங்குது. எல்லாத்தையும் உள்ள போட்டு மூடிருங்க. நீங்களே ஆட்டுங்க அண்ணாச்சி. எனக்குக் கை வரல.